காலிக் கேசட்

கம்பம் பள்ளத்தாக்குக்கு 999 புதிதல்ல. 1886-இல் முல்லைப் பெரியாற்றுக்கு 999 வருடக் குத்தகை எழுதினார்கள். நூறு வருடம் கழித்து, தொண்ணூறுகளில், அதே பள்ளத்தாக்கின் கடைத்தெருக்களுக்கு 9999 வந்து சேர்ந்தது. மஞ்சள் பிளாஸ்டிக். மேலே பளபளப்பான ஸ்டிக்கர். '9999 இன் 1' என்று கொட்டை எழுத்து. வீடியோ கேம் கேசட்.

குத்தகைக்காவது தண்ணீர் வந்தது. கேசட்டைச் செருகினால் மரியோ வந்தது, கான்ட்ரா வந்தது, டாங்க் வந்தது, வாத்து சுடுவது வந்தது. பட்டியலில் கொஞ்சம் கீழே இறங்கினால் மறுபடி மரியோ, வேறு பெயரில். இன்னும் இறங்கினால் மறுபடி கான்ட்ரா. இது இரண்டாம் கட்டத்தில் தொடங்கும், அதனால் தனி கேமாம். இறந்தவரும் இடம்பெயர்ந்தவரும் நிரம்பிய வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பழகிய ஊர் இது. நாம் அதிர்ச்சியடையவில்லை. காசைக் கொடுத்தோம், வாங்கினோம்.

அந்தக் கேசட் ஒரு கேம் பெட்டியில் ஓடும், பக்கத்து வீட்டுப் பெட்டியில் ஓடாது. உடனே கழற்றுவோம். வாயருகே வைத்து ஊதுவோம். சட்டையில் துடைப்போம். மறுபடி செருகுவோம். ஓடும். ஊதியதால் ஓடியது என்று ஒரு தலைமுறையே நம்பியது. ஊதியதால் அல்ல, கழற்றிச் செருகியதில் பின்கள் சரியாகப் பதிந்ததால் ஓடியது. ஊதியதால் நடந்தது ஒன்றுதான். எச்சில் ஈரம் பட்டுச் செம்பு அரித்தது. குறை பெட்டியின் சொருகியில். மூச்சு நம்முடையது. பழி தூசிக்கு.

இனி பின்களின் கதை. நம் கடைத்தெருப் பெட்டிகளுக்கு மூலம், நிண்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் ஜப்பானில் விட்ட ஃபேமிகாம். அதன் கேசட்டுக்கு 60 பின். 1985-இல் ஏறத்தாழ அதே இயந்திரம் வேறு சட்டை போட்டு அமெரிக்கா போனது. அங்கே 72 பின். கூட்டிய கணக்கைக் கேளுங்கள். ஒலிக்கென்று இருந்த 2 பின்னை எடுத்துவிட்டார்கள். புதிதாக 10 பின், பெட்டியின் அடியிலுள்ள விரிவாக்கத் துளைக்கு. அந்தத் துளையில் செருக நிண்டெண்டோ கடைசிவரை எதையும் விற்கவில்லை. பாலத்தைக் கட்டிவிட்டுச் சாலை போட மறக்கும் கலை நம் பொதுப்பணித் துறைக்கு மட்டும் சொந்தமானதல்ல. மிச்சம் 4 பின் எதற்கு? பூட்டுக்கு. பெட்டிக்குள் ஒரு சில்லு, கேசட்டுக்குள் ஒரு சில்லு. இரண்டும் ரகசியக் குறி சொல்லிக்கொள்ள வேண்டும். குறி தவறினால் பெட்டி தன்னைத்தானே திரும்பத் திரும்ப ரீசெட் செய்துகொண்டு கண் சிமிட்டும்.

60 பின்னும் 72 பின்னும் ஒத்துப்போகவே முடியாதா? முடியும். ஆரம்பத்தில் அமெரிக்காவில் விற்ற சில கேசட்டுகளைப் பிரித்தால், உள்ளே ஜப்பானின் 60 பின் பலகையே உட்கார்ந்திருந்தது. அதை 72 ஆக்க ஒரு மாற்றிப் பலகை ஒட்டியிருந்தார்கள். அவர்களுக்கு அவசரமென்றால் பொருந்தும். நமக்கு வேண்டுமென்றால் பொருந்தாது.

அளவு பொருந்தாத வேதனையைத் தேனிக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை 2010 கடைசியில் நிறுத்தினார்கள். 1,000 மில்லிமீட்டரை 1,676 ஆக்க வேண்டும். தூரம் சுமார் 90 கிலோமீட்டர். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். இந்த இடைவெளியில் நிண்டெண்டோ 3டிஎஸ், வீ யூ, ஸ்விட்ச் என்று மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து, அவற்றில் முதல் இரண்டின் ஆன்லைன் கடைக்கு 2023 மார்ச்சில் பூட்டும் போட்டுவிட்டது. போடிக்கு ரயில் வருவதற்குள் இரண்டு பெட்டிகளுக்குக் கருமாதி முடிந்தது. ஆனாலும் ரயில்வேக்கு ஒரு நியாயம் உண்டு. நாடு முழுக்க ஒரே அளவு வர வேண்டும் என்று மாற்றினார்கள். கேம் கம்பெனிகள் ஒரே அளவு வந்துவிடக் கூடாது என்பதற்காக மாற்றுகிறார்கள்.

நேர்மையாக வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். 1995-இல் சேகா கம்பெனியின் மெகா டிரைவ் பெட்டியை இந்தியாவில் விற்க வந்தது யார் தெரியுமா? பீரும் விஸ்கியும் விற்ற ஷா வாலஸ். இறக்குமதி வரி 80 சதவீதம் என்பதால் இந்தச் சுற்றுவழி. சுற்றிவந்தும் விலை 18,000 ரூபாய். அன்றைக்கு ஓர் ஆசிரியருக்கு அது எத்தனை மாதச் சம்பளம்? பிறகு 2017-இல் ஜிஎஸ்டி வந்தது. தங்கத்துக்கு 3 சதவீதம், பிள்ளை ஆடும் பெட்டிக்கு 28. அதை 18 ஆக்க ஒன்றரை வருடம் யோசித்தார்கள்.

மெமரி கார்டுக்கு வருவோம். சோனியின் முதல் பிளேஸ்டேஷன் கார்டு 128 கேபி. 15 கட்டம், அவ்வளவுதான். அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 2-இன் கார்டு 8 எம்பி. பழைய கார்டு புதுப் பெட்டியின் துளையில் அழகாக நுழையும்; புது கேமை மட்டும் சேமிக்காது. உச்சம் 2011-இல் சோனி விட்ட வீட்டா பெட்டி. உலகம் முழுக்கப் பெட்டிக்கடையில்கூட மைக்ரோ எஸ்டி கார்டு தொங்கிக்கொண்டிருந்த காலம். வீட்டா அதைத் தொடாது. சோனி கார்டு மட்டும்தான். அமெரிக்காவில் 32 ஜிபி கிட்டத்தட்ட 100 டாலர். பெட்டி செத்தது. கார்டும் செத்தது. கடைசியில் யாரோ ஒரு சின்ன அடாப்டரைச் செய்தார்கள்; கேம் செருகும் துளையிலேயே சாதாரண மைக்ரோ எஸ்டி வேலை செய்தது. இத்தனை வருடம் தடுத்தது தொழில்நுட்பம் அல்ல என்பதற்கு அந்தத் துண்டுதான் சாட்சி.

நம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கார்டுகள் யோக்கியமா? '1 டிபி' என்று அச்சடித்த கார்டை டீ, வடைச் செலவில் கொடுப்பார்கள். உள்ளே இருப்பது சில ஜிபி. கார்டின் கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கொள்ளளவு தாண்டியதும் பழைய படத்தின் மேலேயே புதுப் படத்தை எழுதும். காதுகுத்துப் படம் காணாமல் போகும். கேட்டால் "கேரண்டி கிடையாதுண்ணே, அப்பவே சொன்னேனே" என்பார் கடைக்காரர். திருட்டுதான். சந்தேகமில்லை.

இப்போது யோக்கியர்களின் சரக்கைப் பாருங்கள். 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தது. உங்களிடமுள்ள மைக்ரோ எஸ்டி கார்டில் பழைய படங்களைப் பார்க்கலாம். கேம் வைக்க முடியாது. அதற்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு தனியாக வாங்க வேண்டும். கூடவே 'கேம் கீ கார்டு' என்று ஒன்று. கேசட் மாதிரியே இருக்கும். டப்பா உண்டு, படம் உண்டு, விலை உண்டு. கேம் இல்லை. செருகினால், போய் இன்டர்நெட்டில் இறக்கிக்கொள் என்கிறது. இறக்கிய பிறகும் ஆட வேண்டுமானால் அந்தக் காலிக் கேசட்டைச் செருகியே வைத்திருக்க வேண்டும். 9999 என்று எழுதி ஆறேழு கொடுத்தவனை உலகமே திருடன் என்றது. ஒன்று என்று எழுதிச் சுழியம் கொடுப்பவருக்குப் பெயர் முன்னோடி நிறுவனம்.

அரசாங்கம் சும்மா இல்லை. 2012-இல் மின்னணுப் பொருட்களுக்குக் கட்டாயப் பதிவு ஆணை போட்டது. முதல் பட்டியலிலேயே வீடியோ கேம் உண்டு. மின் பாதுகாப்பைச் சோதிப்பார்களாம். பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கக் கூடாது. விலையைக் கேட்டால் அடிக்கும் ஷாக் அந்தத் தரநிலையில் வராது. கேசட் பொருந்துமா, கார்டில் எழுதிய அளவு உண்மையா, கம்பெனி கடையைச் சாத்தினால் வாங்கியவன் கதி என்ன, எதுவும் வராது. 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு அமைத்தார்கள். டிசம்பரில் இணையதளமே திறந்துவிட்டார்கள். சட்டம் மட்டும் வரவில்லை. தளத்தில் கம்பெனிகளின் சேவை மைய விவரங்கள் இருக்கின்றன. பூட்டுப் போட்டவனின் விலாசத்தை வெளியே நிற்பவனிடம் கொடுத்துவிட்டு, உரிமை வழங்கியாயிற்று என்கிறார்கள்.