122 பந்துகள்

கெர்ரி வுட்டுக்கு அப்போது வயது 20. அமெரிக்க பேஸ்பாலின் மேஜர் லீக்கில் அவர் தொடங்கி வீசிய ஐந்தாவது ஆட்டம்தான் அது. 1998 மே 6, சிகாகோ ரிக்லி ஃபீல்டு மைதானம். எதிரே ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், அந்த சீசனில் 102 ஆட்டங்களை வென்ற அணி. ஒன்பது இன்னிங்ஸில் வீழ்த்த வேண்டிய 27 பேரில் 20 பேரை கப்ஸ் அணியின் இந்தப் பையன் ஸ்டிரைக் அவுட் செய்தான். பீல்டர் கையே படாமல் வரிசையாக போல்டாக்குவது மாதிரி என்று கிரிக்கெட் ரசிகர்கள் வைத்துக்கொள்ளலாம்.

நான் அப்போது சிகாகோவில் வேலையில் இருந்தேன். அது பகல் ஆட்டம். அலுவலகத்தில் யாரோ வைத்த ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எத்தனை பேர் அவுட் என்ற கணக்கு மட்டுமே எங்கள் வாயில். 18, 19, 20! ரோஜர் கிளெமென்ஸின் சாதனையை எட்டிவிட்டான் என்று கத்தினோம். எத்தனை பந்து வீசினான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஆட்டத்தை இன்று முழுசாகவே யூடியூபில் பார்க்கலாம். முதல் பந்தே கேட்சரைத் தாண்டி நடுவரின் முகமூடியில் போய் இடிக்கிறது. அதன்பின் வருகிற பந்துகளை என்ன சொல்ல! வேகமாக வந்து, கடைசி நொடியில் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு விலகுகின்றன. ஜெஃப் பாக்வெல், மொய்சஸ் அலூ போன்ற கைதேர்ந்த பேட்டர்களே ஆளுக்கு மூன்று முறை வெறுங்காற்றையோ ஏமாற்றத்தையோ சுமந்து திரும்புகிறார்கள். ஒருவருக்கும் 'வாக்', அதாவது அடிக்காமலே முதல் பேஸ் ஏறும் வாய்ப்பு, கிடையாது. மூன்றாவது இன்னிங்ஸில் ரிக்கி குட்டியரஸ் அடித்த பந்து மூன்றாம் பேஸ்காரரின் கையுறையை உரசிப் போனது மட்டும் ஹிட் ஆனது. அதைப் பிடித்திருக்கலாம் என்று இன்றும் எனக்கு ஆதங்கம் உண்டு. கப்ஸ் 2-0 என வென்றது.

இப்போது பார்க்கையில் என் கண் வுட்டின் முழங்கையிலேயே நிற்கிறது. 122 பந்துகள். அடுத்த வசந்தத்தில் முழங்கைத் தசைநார் கிழிந்தது. டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1999 முழுக்க அவர் ஆடவில்லை. அந்த ஒரு நாள்தான் காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். 2022 ஏப்ரலில் மினியாபோலிஸில் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸில் 21 பேரையும் வீழ்த்தியிருந்தார், ஒருவர்கூட பேஸ் ஏறவில்லை. எண்பது பந்தோடு வெளியே எடுத்துவிட்டார்கள். இத்தனை காபந்து பண்ணியும் முழங்கைகள் தப்பவில்லை. 2023இல் ஜேக்கப் டிகிராம், ஷோஹெய் ஓட்டானி இருவருமே கத்திக்குப் போனார்கள். ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து வீசச் சொல்லிவிட்டு, எண்ணிக்கையை மட்டும் குறைத்து என்ன பயன்? 2024இல் மேஜர் லீக் வெளியிட்ட ஆய்வறிக்கையும் வேக வெறியைத்தான் முதன்மையாகக் குற்றம் சொன்னது.

வுட் மீண்டு வந்தார். 2003இல் 266 ஸ்டிரைக் அவுட்டுகளுடன் நேஷனல் லீகில் முதலிடம் பிடித்தார். 2012இல் கப்ஸ் சீருடையிலேயே ஓய்வு பெற்றார். ஒன்பது இன்னிங்ஸில் 20 என்பதை அவருக்குப் பின் ராண்டி ஜான்சனும் மேக்ஸ் ஷெர்சரும் எட்டினார்கள். தாண்டியவர் இதுவரை எவரும் இல்லை.