மலை இல்லாத ஊரில் மலையேறுவது எப்படி?

சிங்கப்பூரின் மிக உயரமான மலை புக்கிட் தீமா. உயரம் 163 மீட்டர். கண்டோன்மென்ட் சாலையில் நிற்கும் பினக்கிள் வீவக அடுக்குமாடி 50 தளம், 156 மீட்டர். கடல்மட்டம் வேறு, தரைமட்டம் வேறு என்று கணக்குப் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும். நாட்டின் உச்சியும் ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியும் ஏறத்தாழ ஒரே உயரம்தான். மரினா பே சாண்ட்ஸ் இரண்டையும் குனிந்துதான் பார்க்கும். இதைப் படித்ததும் 'ப்பூ, இவ்வளவுதானா?' என்று தோன்றியதா? நல்லது. மலையில் மாட்டிக்கொள்ளத் தேவையான முதல் தகுதி உங்களிடம் இருக்கிறது. மற்றவற்றைக் கீழே சொல்லித் தருகிறோம்.

முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு வேண்டும். குழுவுக்குப் பெயர் வைப்பதில் ஒரு வாரம் போகட்டும். 'நான் ரெடி' என்று கட்டைவிரலை உயர்த்துகிறவர்களில் பாதிப்பேர் அன்று காலை தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். அதனால் குறை ஒன்றுமில்லை, குறுகலான பாதைக்குச் சிறு கூட்டம்தான் நல்லது. புக்கிட் தீமா வனப்பகுதி காலை 7 மணிக்கே திறந்துவிடும். ஆனால் 7 மணிக்குப் போய் நிற்பவர்கள் ஓய்வுபெற்ற தாத்தா பாட்டிகள். இளைஞர்கள் தேக்காவில் கூடி, ஆளுக்கு இரண்டு பரோட்டாவும் ஒரு தே தாரிக்கும் உள்ளே தள்ளிவிட்டு, வெயில் நன்றாக ஏறிய பிறகு பதினொன்றுக்குப் புறப்படுவதே மரபு.

காலணியை அதற்கு முந்தைய இரவு முஸ்தபாவில் வாங்குங்கள். புத்தம்புதிதாக, வெள்ளையாக இருக்கவேண்டும். குதிகால் கொப்புளம் உச்சியில் இலவசம். (பழகிய காலணி, பிடிமானமுள்ள அடிப்பாகம், சற்றுத் தடித்த காலுறை போதும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். அவர்களுடைய படங்களை இன்ஸ்டாகிராமில் யார் பார்க்கிறார்கள்?)

போக்குவரத்துக்குக் கவலை இல்லை. லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் பாதை ரயில் ஏறினால் ஏழாவது நிலையம் பியூட்டி வோர்ல்டு. அங்கிருந்து நடந்தால் மலையடிவாரம். ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் குற்றம், 500 வெள்ளி வரை அபராதம். ஆகவே குடிப்பதை ஏறுமுன் குடித்துவிடுங்கள். இது கிண்டல் அல்ல.

அடிவாரத்தில் உங்களை வரவேற்பது காட்டுப்பாதை அல்ல, தார்ச்சாலை. செங்குத்தாக மேலே போகும். இங்கேதான் உங்கள் வீரம் வெளிப்படவேண்டும். முதல் நூறு மீட்டரை ஓடிக் கடந்துவிடுங்கள். அடுத்த இருபது மீட்டரில் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, 'வியூ பார்க்கிறேன்' என்று சொல்லுங்கள். அப்போது அகலத் தொப்பியும் கைக்குட்டையுமாக எழுபது வயதுப் பாட்டி ஒருவர் தோழியிடம் பேசிக்கொண்டே உங்களைத் தாண்டிப் போவார். அவர் பேச்சுக்கூடத் தடைபடாது. மேட்டில் நடக்கவேண்டிய வேகம் அதுதான்: பேசமுடிகிற வேகம். பேச்சு அறுந்தால் கால் முந்திவிட்டது என்று அர்த்தம்.

பாட்டிக்குப் பின்னால் பெரிய முதுகுப்பையோடு வியர்த்துக்கொண்டு ஒருவர் வருவார். பையில் என்ன என்று கேட்காதீர்கள். அரிசி மூட்டையாகவோ தண்ணீர்ப் போத்தல்களாகவோ இருக்கலாம். 4,095 மீட்டர் கினபாலுவுக்கோ அதைவிடப் பெரிய மலைக்கோ போக நினைக்கும் சிங்கப்பூரர்களுக்கு இந்தச் சரிவும் வீவக மாடிப்படிகளும்தான் பயிற்சிக்கூடம். மருத்துவர் குமரன் ராசப்பன் 2012 மே மாதத்தில் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். அவரும் இந்தத் தட்டையான தீவின் பிள்ளைதான். 163 மீட்டரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அதே 163 மீட்டரை ஒரே காலையில் ஐந்தாறு தடவை ஏறி இறங்கிப் பார்க்கலாம்.

உச்சியில் உயரம் பொறித்த ஒரு கல் இருக்கிறது. படமெடுக்க வரிசை நிற்கும். ஊர் முழுக்கத் தெரியும் என்று நினைத்து வந்தவர்களுக்கு மரங்கள்தான் தெரியும். ஏமாந்துபோகாதீர்கள், பார்க்கவேண்டியதே அந்த மரங்களைத்தான். 1854இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இந்தக் குன்றின் அருகே தங்கி ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவருடைய கவலை புலியும், புலிக்காக வெட்டி மூடிவைத்த குழிகளும். அதற்கு முன்பெல்லாம் உள்ளே கூரிய கழியும் நட்டிருப்பார்களாம். நமக்கு அந்தக் கவலை இல்லை. 1930இல் சுவா சூ காங் பக்கம் சுடப்பட்ட புலிதான் இந்தத் தீவின் கடைசிக் காட்டுப்புலி என்கிறார்கள்.

புலியின் இடத்தை இப்போது குரங்கு பிடித்திருக்கிறது. நீண்ட வால் குரங்கைக் கவர்வதற்குத் தேக்காவில் வாங்கிய மசால் வடையைச் சிவப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, விரலில் மாட்டி, ஆட்டிக்கொண்டே நடக்கவேண்டும். பையின் சரசரப்பே அதற்கு அழைப்புமணி. குரங்கு உடனே பாயாது. கம்பித் தடுப்பில் உட்கார்ந்து, உங்களுக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாததுபோல் வேறு பக்கம் பார்த்துத் தொடையைச் சொறியும். நீங்கள் நாலடி தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு கறுத்த சின்னக் கை நீண்டு பையின் அடியைக் கிழிக்கும். வடை கீழே, குரங்கு வடைமேல், உங்கள் நண்பர் காணொளி எடுப்பதில். இனி நீங்கள் செய்யக்கூடியது மூன்று: கத்துவது, ஓடுவது, அதன் கண்ணை முறைப்பது. மூன்றும் நிலைமையை மோசமாக்கும். உணவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடியிருந்தால் இந்தக் காட்சியே இல்லை. வந்துவிட்டால் கையிலிருப்பதை மறைத்து, முகத்தைத் திருப்பி, மெல்லப் பின்வாங்கவேண்டும்.

'பாவம், பசிக்கும்' என்று நீங்களே ஒரு துண்டு பிய்த்துப் போட்டால் விஷயம் வேறு. வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் போகலாம். அந்தப் பணத்துக்கு எத்தனை வடை என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்குங்கள். கோயில் வாசலில் புறாவுக்குத் தானியம் போடும் பெரியம்மாமார்களிடமும் இதை மெதுவாகச் சொல்லிவையுங்கள், புறாவும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது.

இடியைப் பற்றி மட்டும் விளையாட்டில்லாமல் பேசவேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் ஆண்டில் சராசரியாக 160 நாளுக்கு மேல் இடி முழங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி. சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று விடியற்காலையிலேயே வந்துவிடும். இடிச்சத்தம் காதில் விழுந்தால் மின்னல் எட்டுகிற தூரத்தில் இருக்கிறீர்கள். உச்சிக் கல்லோடு இன்னொரு படம் வேண்டாம், தனி மரத்தடியும் வேண்டாம். இறங்கிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

அதைவிட அதிகம் ஆளை வீழ்த்துவது வெப்பம். 2023 மே மாதம் அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. ஆனால் காட்டுக்குள் தொல்லை வெறும் சூடு அல்ல, ஈரக்காற்று. வியர்வை வழியும், காயாது. காயாவிட்டால் உடம்பு குளிராது. தேசிய சேவைக்குப் போய்வந்த அண்ணனிடம் 'வாட்டர் பரேட்' பற்றிக் கேளுங்கள். தாகம் எடுக்கிறதோ இல்லையோ, வரிசையில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கவைப்பார்கள். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் நிழலில் உட்காரவேண்டும். கூட வந்தவன் சம்பந்தமில்லாமல் உளற ஆரம்பித்தால் 'இவன் எப்பவும் இப்படித்தான்' என்று சிரிக்காதீர்கள். அவன் உடம்பில் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 995ஐ அழையுங்கள்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள்? நூலகம் என்றா? எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அம்மாவிடம் சொல்வதைவிடச் சிறந்த பாதுகாப்புச் சாதனம் இன்னும் கடைக்கு வரவில்லை. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் அதுவே ஒலிக்கவும் தொடங்கிவிடும். 'பொட்டப்பிள்ளைக்கு மலை எதுக்கு?' என்று அத்தை கேட்டால், தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் பால்குடம் சுமந்து நடந்தது யார் என்று பணிவாகக் கேளுங்கள்.

முதல் மலை பிடித்திருந்தால் அடுத்து மெக்ரிட்சி நீர்த்தேக்கம். அங்கே மரங்களின் தலைக்குமேல் தொங்கும் 250 மீட்டர் பாலம் இருக்கிறது. நுழைவாயிலிலிருந்து பாலத்துக்கே சில கிலோமீட்டர் நடக்கவேண்டும், பாலத்தில் ஒருவழிப்பாதைதான். மேடு வேண்டாம் என்றால் 2011இல் ரயில் நின்றுபோன பழைய மலாயா ரயில்தடம், 24 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. புறப்படுமுன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மெக்ரிட்சிப் பாலத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.