சும்மா ஒரு சூப்

டப்ளின் பப்களில் பகல் பன்னிரண்டரைக்கு மேல் தென்படும் ஒரு ரகத்தினரைச் சூப்காரர் எனலாம். தான் குடிக்க வந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பது இவருடைய பெரிய கவலை. அதனால் நனைந்த கோட்டைக் கழற்றும் முன்பே, “சும்மா ஒரு சூப் குடிச்சிட்டுக் கிளம்பணும்” என்று அறிவித்துவிடுவார். கேட்டவர் யாருமில்லை. பார்மேன் மட்டும் தலையாட்டுவார். வாடிக்கையாளர் சொல்வதை நம்புவதாகக் காட்டிக்கொள்வதும் அவர் வேலையில் சேர்த்திதான்.

“இன்னிக்கு என்ன சூப்?”

“காய்கறி.”

நேற்றும் அதுதான். போன மாதமும் அதுதான். கரும்பலகையில் ‘இன்றைய சூப்’ என்று எழுதியிருப்பது, கேரட்டையும் உருளைக்கிழங்கையும் இன்ன பிறவற்றையும் வேகவைத்து, இன்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி அரைத்த ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனாலும் கேட்க வேண்டும். கேட்டு, ஒரு கணம் யோசித்து, “சரி, அதையே கொடுங்க” என்று சொல்லவும் வேண்டும். கூடவே சோடா ரொட்டி வரும். ஈஸ்ட் சேர்க்காமல், மோரும் சமையல் சோடாவும் விட்டுச் சுட்ட பழுப்பு ரொட்டி. அதன்மேல் அவர் அப்பும் வெண்ணெயின் கனத்தைப் பார்த்தால், ரொட்டி என்பது வெண்ணெயை வாய்க்குக் கொண்டுபோக ஏற்பட்ட வாகனம் என்பது விளங்கும்.

இத்தோடு எழுந்தால் வாக்குக் காப்பாற்றப்படும். ஆனால் கார்வரி மேசை கண்ணெதிரே இருக்கிறதே!

அங்கே விளக்குச் சூட்டில் மாட்டிறைச்சி ஒரு பக்கம், வான்கோழியும் ஹாமும் மறுபக்கம். “ஒரே ஒரு துண்டு” என்று தட்டை நீட்டுவார். துண்டு ஒன்றுதான் விழும். பிறகு மசித்த உருளைக்கிழங்கு ஒரு கரண்டி, அடுப்பில் வாட்டிய உருளைக்கிழங்கு நாலு, இடம் மிஞ்சினால் சிப்ஸ். உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. அத்தனையையும் மூழ்கடிக்க கிரேவி. இத்தாலிக்காரர் யாரும் பார்த்துவிடக் கூடாத காட்சி ஒன்றும் உண்டு: லசான்யா கேட்டாலும் இங்கே பல இடங்களில் பக்கத்திலேயே சிப்ஸ் வைத்துத்தான் தருவார்கள்.

அடுத்த மேசையில் அமெரிக்கப் பயணி ஒருவர் கார்ன்டு பீஃப்பும் முட்டைகோசும் கேட்டுவிட்டால் சூப்காரருக்குக் கொண்டாட்டம். “அது உங்க ஊர்ச் சாப்பாடுங்க. இங்க பன்றி பேக்கனும் முட்டைகோசும்தான்” என்று தொடங்கி, அமெரிக்கா போன ஐரிஷ்காரர்கள் எப்படி மாட்டிறைச்சிக்கு மாறினார்கள் என்பதை ஆதியோடந்தமாக விளக்குவார். பயணிக்கு வரலாறு புரிவதற்குள் தட்டு ஆறிப்போகும்.

சவுத் வில்லியம் தெருவில் உள்ள குரோகன்ஸ் பப்பில் இதே இனத்தின் இன்னொரு கிளை வாழ்கிறது. இவர்களுக்குக் கரண்டியும் வேண்டாம், கார்வரியும் வேண்டாம். ஹாமும் சீஸும் வைத்து வாட்டிய சாண்ட்விச், கொஞ்சம் கடுகு விழுது, போதும். சூப்காரர்களைப் பெருந்தீனிக்காரர்கள் என்பார்கள், மூன்றாவது சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடி.

பட்டப்பகலில் பப்பா என்று யாராவது குத்திக் காட்டினால் சூப்காரர் கையில் இலக்கியச் சான்று தயாராக இருக்கும். ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922-இல் வெளியிட்ட ‘யுலிஸிஸ்’ நாவலில், 1904 ஜூன் 16 அன்று லியோபோல்டு புளூம் மதியச் சாப்பாட்டுக்கு நுழைவது டியூக் தெரு டேவி பர்ன்ஸ் பப்பில்தான். கோர்கோன்சோலா சீஸ் சாண்ட்விச், ஒரு கிளாஸ் பர்கண்டி ஒயின். அந்த பப் இன்றும் இருக்கிறது. ஜூன் 16 வந்தால் வைக்கோல் தொப்பி அணிந்த ரசிகர்கள் அதே சாண்ட்விச்சைத் தேடி வருகிறார்கள். நாவலின் பதினெட்டு அத்தியாயங்களில் அந்தச் சாண்ட்விச் வருவது எட்டாவதில். அதுவரை சூப்காரருக்கு அத்துப்படி. அதற்கு மேல் கேட்டால் பேச்சை வானிலைக்குத் திருப்பிவிடுவார்.

இதற்குள் தொண்டை அடைக்கும். “சாப்பாடு இறங்கணுமே” என்று ஒரு பைன்ட் கின்னஸ் சொல்வார். அதைச் சட்டென்று ஊற்றித் தந்துவிட முடியாது. கிளாஸைச் சாய்த்து முக்கால் பங்கு பிடித்து, நுரை மேலேறும்வரை விட்டு, பிறகு நிரப்ப வேண்டும். 119.5 விநாடி ஆகும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. தெரிந்தவர் ஒருவர் உள்ளே வர அது தாராளமாகப் போதும். வந்தவர், “இது என் கணக்கு” என்பார். அங்கேதான் வினை. ஒருவர் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டு, பதிலுக்கு வாங்கித் தராமல் எழுந்து போவது ஐரிஷ் பப்பில் பெரும் பாவம். பதிலுக்கு இவர் வாங்கும் நேரத்தில் மூன்றாமவர் வந்துவிட்டால், மூவரும் ஆளுக்கொரு முறை வாங்கித் தீர்த்தால்தான் விடுதலை.

அறுபதைத் தாண்டிய சூப்காரர் இந்தக் கட்டத்தில் அரசாங்கத்தைத் திட்டுவார். 1927-ஆம் ஆண்டுச் சட்டப்படி டப்ளின், கார்க் முதலிய நகரங்களில் பிற்பகல் 2.30 முதல் 3.30 வரை பப்களை மூட வேண்டியிருந்தது. ஊரார் அதற்குப் ‘புனித மணி’ என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். வார நாட்களில் அது 1988-இல் நீங்கியது. “அப்போ வெளியே துரத்த ஒரு சட்டம் இருந்துச்சு. இப்போ மனுஷன் தானாவே எழுந்திருக்கணும்னா எப்படிங்க?” என்பார். வெளிக்கதவைப் பூட்டிவிட்டு உள்ளிருந்தவர்களுக்குத் தொடர்ந்து ஊற்றிய பப்கள் அன்று இருந்ததையும், உள்ளிருந்தவர்களில் தானும் ஒருவர் என்பதையும் சொல்ல மாட்டார்.

மூன்றரைக்கு அலுவலகத்திலிருந்து போன் வரும். “தெருவுலதான் நடந்துக்கிட்டிருக்கேன், இதோ வந்துட்டேன்” என்பார். தலைக்கு மேல் தொலைக்காட்சியில் குதிரைப் பந்தய வர்ணனை உச்சத்தில் இருக்கும். அது மறுமுனைக்குக் கேட்காதபடி, அயர்லாந்தில் போனை வைக்கும் முறைப்படி, “பை, பை, பை, பை-பை-பை” என்று குரலை ஏற்றிக்கொண்டே போவார். “எந்தக் குதிரை ஜெயிச்சுது?” என்று மறுமுனையில் மேலதிகாரி கேட்பார்.