இன்னதென்று தெரியாதவை: 1,525

கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில், இன்றைய துருக்கியின் தென்கரையில், உலுபுருன் முனைக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது. 1982-இல் கடற்பஞ்சு எடுக்க முங்கிய ஒருவர், காது முளைத்த பிஸ்கட்டாட்டம் உலோகத் துண்டுகள் கீழே கிடப்பதாக வந்து சொன்னார். தொல்லியல்காரர்கள் இறங்கிப் பார்த்தால், பத்து டன் செம்புக் கட்டிகள்! நாட்டு ஓடு வேய்வதுபோல ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. சறுக்கக் கூடாதென்று ஒரு வரிசை இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்த அடுக்கு அந்தப் பக்கம். கப்பல் பலகையில் உராயாமலிருக்க அடியில் சுள்ளிப் படுக்கை. ஆள் உயரத்துக்குக் கிட்டத்தில் ஒரு தாழி. உள்ளே கிண்ணமும் குடுவையும் விளக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன.

சரக்கு கட்டிய மகராசனைக் குறை சொல்ல முடியாது. பாறையில் கொண்டுபோய் மோதியது மாலுமி, இவரல்ல. பல கிண்ணங்கள் உடையாமலே மேலே வந்து, இப்போது போத்ரம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டெலிவரி நடந்துவிட்டது. 3,300 வருடத் தாமதம், அவ்வளவுதான்.

இந்தத் தாழிதான் கண்டெய்னர். அதாவது, சின்னச் சாமானைப் பெரிய பாத்திரத்துக்குள் போட்டு, பாத்திரத்தை மட்டும் தூக்கினால் போதும் என்கிற ஞானம் மனிதகுலத்துக்கு அப்போதே வந்துவிட்டது. வந்த ஞானத்தை மனிதகுலம் என்ன செய்யும்? வழக்கம்போல மூவாயிரம் வருடத்துக்கு மூட்டை கட்டி வைத்துவிட்டது. நடுவில் ரோமாபுரிக்காரர்கள் எண்ணெய் ஜாடிகளைக் கப்பல் கப்பலாக இறக்கி, காலி ஜாடியை என்ன செய்வதென்று தெரியாமல் ஊருக்குள்ளேயே உடைத்துக் கொட்டினார்கள். அந்தக் குப்பை இன்றைக்கு 35 மீட்டர் உயரக் குன்றாக நிற்கிறது. பெயர் மோன்தே தெஸ்தாச்சோ. யூஸ் அண்ட் த்ரோவைக் கலிகாலக் கண்டுபிடிப்பு என்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நாம் நேரே 1954-க்குப் போவோம். நியூயார்க்கின் புரூக்ளின் துறை. ‘வாரியர்’ என்ற கப்பல் ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனுக்குப் புறப்படத் தயாராக நிற்கிறது. அமெரிக்க ராணுவத்துக்கான சரக்கு, 5,000 டன் சொச்சம். கப்பலில் சரக்கு ஏற்றுவது எப்படித்தான் நடக்கிறது என்று அரசாங்கத்துக்கே சந்தேகம் வந்து, நோட்டும் பென்சிலுமாக ஆட்களை நிறுத்தி எண்ண வைத்தது. அவர்களும் விடாமல் எண்ணினார்கள். மொத்தம் 1,94,582 உருப்படி. மரப்பெட்டி 74,903. அட்டைப்பெட்டி 71,726. மூட்டை 24,036. சக்கரம் வைத்த வண்டி 53. பீப்பாய், டிரம், தகர டின், கட்டு, சுருள் என்று பட்டியல் நீள்கிறது. கடைசியில் ஒரு வரி: இன்னதென்று தெரியாதவை, 1,525.

பென்சிலும் கையுமாகப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொன்றாக எண்ணியும், ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தைந்து சாமான் என்ன ஏது என்றே தெரியவில்லை. கணக்கை இட்டுக்கட்டாமல் தெரியாததைத் தெரியாது என்று எழுதி அச்சுக்கு அனுப்பிய அந்தக் குமாஸ்தாவுக்கு ஒரு கும்பிடு.

கிட்டத்தட்ட இரண்டு லட்சம் வரும் இந்த உருப்படிகளையும் மனிதர்கள் தோளிலும் கையிலும் தொட்டுத்தான் ஏற்றினார்கள். வளைந்த வயிறுள்ள கப்பலுக்குள் சதுரப் பெட்டிகளை அடைப்பது லேசுப்பட்ட வேலையல்ல. கனமானது அடியில் போக வேண்டும். முதல் துறைமுகத்தில் இறங்குவது மேலே இருக்க வேண்டும். முதலில் இறங்குவதே கனமானதாக இருந்தால், மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டும். காப்பிக்கொட்டைக்குப் பக்கத்தில் பதனிடாத தோல் கூடாது. போய்ச் சேரும்போது காப்பி தோலாக மணக்கும். மாவு மூட்டைக்கு மண்ணெண்ணெய் ஆகாது. மிச்சமிருக்கும் சந்து பொந்திலெல்லாம் கட்டையைச் செருகி, கயிறு போட்டு இறுக்க வேண்டும். இந்த அண்டை கொடுக்கும் கட்டைக்கு டன்னேஜ் என்று பேர். வாரியரில் டன்னேஜுக்கும் கயிற்றுக்கும் மட்டும் 5,031 டாலர் 69 சென்ட் போனது. உருப்படி இன்னதென்று தெரியாது. சென்ட் கணக்கு மட்டும் துல்லியம்!

ஏற்றுவதற்கு ஆறு நாள். அதில் ஒரு நாள் வேலைநிறுத்தம். கடலைக் கடக்கப் பத்தரை நாள். இறக்குவதற்கு இரவு பகலாக நாலு நாள். மொத்தச் செலவு 2,37,577 டாலரில் கடலைத் தாண்டிய செலவு 11.5 சதவீதம்தான். அட்லாண்டிக் பெருங்கடல் தொந்தரவே செய்யவில்லை. தொந்தரவெல்லாம் இரண்டு கரைகளில்.

கரைத் தொந்தரவில் இன்னொன்றும் உண்டு. பெட்டி என்றால் சில சமயம் கை தவறும். கை தவறினால் உடையும். உடைந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். விஸ்கிப் பெட்டிகளுக்கு மட்டும் ஏனோ கை அதிகமாகத் தவறும். துறைமுகத் தொழிலாளிக்குத் தினக்கூலி இருபது டாலர், அதுபோக அவர் வீட்டுக்குச் சுமக்க முடிந்த அளவு ஸ்காட்ச் என்பது அந்நாளைய நியூயார்க் ஜோக். சரக்கு சரக்காகப் போய்ச் சேர வேண்டும் என்ற கவலையில், ஸ்காட்லாந்து வடிசாலைக்காரர்கள் பின்னால் பெரிய தொட்டிகளில் மொத்தமாக ஊற்றி அனுப்பிவிட்டு, போன இடத்தில் பாட்டிலில் அடைக்கலானார்கள். தொட்டியைக் கோட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போக முடியாதல்லவா?

இந்த நேரத்தில்தான் மால்கம் மெக்லீன் முதலாளி வருகிறார். வட கரோலினாவின் மாக்ஸ்டன் ஊர்க்காரர். கப்பல்காரர் அல்ல, லாரிக்காரர். 1937-இல் பஞ்சுப் பொதிகளோடு ஹோபோகன் துறையில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்தபோது, ‘பொதியை இறக்குவானேன், லாரியையே தூக்கி வைத்தால் என்ன?’ என்று தோன்றியதாக வயதான காலத்தில் சொன்னார். மகான்களுக்கு ஞானம் எப்போது வந்தது என்பது பின்னால் எழுதப்படும் சங்கதி. நாம் நோண்ட வேண்டாம். தோன்றியது 1937-இல் என்றால், செய்தது 1956-இல். லாரி முதலாளி கப்பல் கம்பெனியும் வைத்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் தராது என்றதும், ஊர் மெச்சிய லாரிக் கம்பெனியையே விற்றுவிட்டு, பழைய எண்ணெய்க் கப்பல்களை வாங்கினார். சொந்தக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

பெட்டியைச் செய்து தந்தவர் கீத் டான்ட்லிங்கர் என்ற இன்ஜினியர். பெட்டியின் நீளம் 33 அடி. அதென்ன 33? பெரிய ஆராய்ச்சியெல்லாம் இல்லை. எண்ணெய்க் கப்பலின் தட்டில் இருந்த இடம் 33-ஆல் மீதியில்லாமல் வகுபட்டது. மாதிரிக்கு இரண்டு பெட்டிகள் பால்டிமோர் கப்பல் பட்டறைக்கு வந்து இறங்கின. மறுநாள் காலை டான்ட்லிங்கர் போய்ப் பார்த்தால், மெக்லீனும் அவருடைய தம்பியும் கம்பெனியின் பெரிய அதிகாரிகளும் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருக்கிறார்கள். கோட்டு சூட்டில் நடந்த தரப் பரிசோதனை. கூரை அசையவில்லை. ஆர்டர் உறுதியானது.

1956 ஏப்ரல் 26-ஆம் தேதி, நியூவார்க் துறையில் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் 58 பெட்டிகள் ஏறின. ஏழு நிமிடத்துக்கு ஒன்று வீதம் கிரேன் தூக்கி வைக்க, எட்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்து, அன்றைக்கே கப்பல் ஹூஸ்டனுக்குக் கிளம்பிவிட்டது. வேடிக்கை பார்த்த தொழிற்சங்கப் பெரியவர் ஒருவரிடம் ‘புதுக் கப்பல் எப்படி?’ என்று கேட்டதற்கு, அதை மூழ்கடிக்க வேண்டும் என்று, இங்கே அச்சேற்ற முடியாத அடைமொழி சேர்த்துச் சொன்னார். அன்றைக்கு அந்தத் துறையில் எதிர்காலத்தைத் தெளிவாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆன காலம் அது. ஐடியல் எக்ஸில் கணக்குப் பார்த்தால் 16 சென்ட்கூட வரவில்லை.

1958-இல் புவேர்ட்டோ ரிக்கோவுக்கு இப்படியொரு கப்பல் போனபோது, அங்கிருந்த தொழிலாளர்கள் ‘இதைத் தொட மாட்டோம்’ என்று கை கட்டி நின்றார்கள். பேச்சுவார்த்தை நாலு மாதம் நடந்தது. சில மணி நேரத்திலேயே சரக்கு இறக்கும் அதிவேகக் கப்பல், நாலு மாதம் சும்மா மிதந்தது. அவர்களைக் கேலி செய்யவும் மனசு வரவில்லை, வயிற்றுப் பிழைப்பு. அடுத்த இருபது வருடத்தில் மன்ஹாட்டனின் துறைகளும் லண்டன் நகரத்துத் துறைகளும் வெறிச்சோடிப் போயின.

பிறகு அளவு நிர்ணயக் கமிட்டி கூடியது. மெக்லீனிடம் அப்போது 35 அடிப் பெட்டி. ஹவாய்க்கு ஓட்டிய மாட்சன் கம்பெனியிடம் 24 அடி. அமெரிக்காவில் பெட்டி வைத்துத் தொழில் செய்த பெரிய கம்பெனிகள் இவைதான். கமிட்டி தீர யோசித்து 10, 20, 30, 40 என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டு பேரிடமும் இல்லாத அளவாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கும் தனித் திறமை வேண்டும்.

1967-இல் வியட்நாம் போருக்குச் சாமான் கொண்டுபோகும் குத்தகை மெக்லீனுக்குக் கிடைத்தது. கம் ரான் விரிகுடாவில் பெட்டிகள் இறங்கின. பீரும் பிஸ்கட்டும் போருக்குப் போகும். போரிலிருந்து ஏற்றிவர என்ன இருக்கிறது? போகவர இரண்டு வழிக்கும் ராணுவம் காசு கொடுத்துவிட்டதால், காலிப் பெட்டி வழியில் யோகஹாமாவில் நின்று ஜப்பான்காரரின் ரேடியோவையும் டிவியையும் ஏற்றிக்கொண்டு வந்தது. ராணுவம் எதிரியோடு மல்லுக்கட்டிய நேரத்தில், சோனி வகையறா பின்வாசல் வழியாக அமெரிக்க வரவேற்பறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் பெட்டியின் வெற்றிக்கதை என்று எழுதுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அடைக்கும் வேலை ஒழியவில்லை, இடம் மாறியது. முன்பு கடலில் கப்பல் எப்படி உருளும் என்று தெரிந்த கிழவர்கள் கப்பலின் வயிற்றில் செய்ததை, இப்போது கடலையே பார்த்திராத பையன்கள் கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கோடவுனில் செய்கிறார்கள். பெயர் மட்டும் ஸ்டஃபிங். கனமானதையெல்லாம் ஒரு கோடியில் தள்ளிவிட்டு மறுகோடியில் பஞ்சை வைத்தால், கிரேன் தூக்கும்போதே பெட்டி மூக்கைக் குத்தும். நடுவில் சந்து விட்டால், முப்பது பாகைவரை சாயும் கப்பலில் ஒரு மெஷின் தானாகவே இடம் தேடிக்கொள்ளும். சுவரைத் துளைத்துக்கொண்டும் தேடும். ஈரக் கட்டையை உள்ளே வைத்துப் பூட்டினால், ராத்திரிக் குளிரில் கூரை வேர்த்து உள்ளேயே மழை பெய்யும். கதவோரம் கடைசி வரிசைக்கு வலையோ கட்டையோ அண்டை கொடுக்காவிட்டால், அயலூரில் கதவைத் திறக்கிற அப்பாவியின் தலையில்தான் பார்சல் டெலிவரி. வாரியரில் தெரியாதவை 1,525. இப்போது கதவைச் சாத்தி சீல் வைத்துவிட்டால் எல்லாமே தெரியாதவைதான்.

தெரியாதவை சில சமயம் தாங்களாகவே வெளியே வந்து அறிமுகம் செய்துகொள்ளும். 1992 ஜனவரியில் ‘எவர் லாரல்’ கப்பலிலிருந்து பசிபிக்கில் 12 பெட்டிகள் விழுந்தன. ஒன்றிலிருந்து 28,800 குளியல் பொம்மைகள் புறப்பட்டன: மஞ்சள் வாத்து, நீல ஆமை, பச்சைத் தவளை, சிவப்பு பீவர். மாதக்கணக்கில் மிதந்து அலாஸ்காவில் கரையேறின. கடல் நீரோட்டம் படிக்கிற விஞ்ஞானிகள் வாத்து வாத்தாகக் குறித்துக்கொண்டார்கள்; அத்தனை மிதவைகளை அவர்களாகக் காசு கொடுத்து வாங்கி விட்டிருக்க முடியுமா?

2007 ஜனவரியில் ‘எம்.எஸ்.சி. நாப்போலி’ ஆங்கிலக் கால்வாயில் விரிசல் விட்டு, டெவன் கரையோரம் தரைதட்ட வைக்கப்பட்டது. பெட்டிகள் பிரான்ஸ்கம் கடற்கரையில் ஒதுங்கின. ஊர்ச் சனம் திரண்டு வந்து, பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிளிலிருந்து குழந்தை நாப்கின்வரை உருட்டிக்கொண்டு போனது. புரூக்ளின் துறைமுகப் பெரியவர்கள் மேலிருந்து ஆசீர்வதித்திருப்பார்கள். பிறகு கப்பல் தட்டில் நனையாமலிருந்த 660 பெட்டிகளை எடை போட்டார்கள். 137 பெட்டிகளில், காகிதத்தில் எழுதியதற்கும் நிஜத்துக்கும் மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம். ஒன்றில் இருபது டன். இருபது டன் கைப்பிசகு!

இதற்கு மேலும் ஒன்பது வருடம் கழித்து, 2016 ஜூலை 1 முதல், எடை போட்டுச் சான்று கொடுக்காத பெட்டி கப்பலேறக் கூடாது என்று உலகச் சட்டம் வந்தது. ஐடியல் எக்ஸ் புறப்பட்டு அறுபது வருடம். உடனே பல ஊர்களில் ஏற்றுமதிக்காரர்கள், ‘அவ்வளவு பெரிய தராசுக்கு எங்கே போவது?’ என்று குய்யோ முறையோ என்றார்கள். சட்டம் அதற்கும் வழி வைத்திருந்தது: உள்ளே போகிற ஒவ்வொன்றையும், அண்டை கொடுக்கும் கட்டை உட்பட, தனித்தனியே நிறுத்துக் கூட்டி, பெட்டியின் காலி எடையை அதோடு சேர்த்தால் போதும். காலி எடை பெட்டியின் கதவிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது.