காபிக்கு முந்திய சடங்கு: தமிழர் பல் துலக்கும் முறை பற்றி ஒரு விசாரணை

தமிழர் காலையில் பல் துலக்குவது பல்லுக்காக என்று ஒரு நம்பிக்கை வெகுகாலமாக உலவுகிறது. பல் மருத்துவர்கள் அப்படி நம்புகிறார்கள், பற்பசை விற்பவர்கள் நம்புகிறார்கள், பள்ளிப் பாடநூல்கள் படம் போட்டு நம்புகின்றன. கிடைக்கும் சான்றுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது. பல் துலக்குதல் காபிக்கு நாம் செலுத்தும் நுழைவுக் கட்டணம். பல்லுக்கு அதனால் ஏதும் நன்மை விளைந்தால் அது தற்செயல். காபி என்பதில் டீ, கருப்பட்டிக் காபி, சுக்குக் காபி மூன்றையும் சேர்த்துக்கொள்க. ஹார்லிக்ஸ் குடிப்போர் பற்றித் தனி ஆய்வு தேவைப்படும்.

முதல் சான்று, நேரம். நோக்கம் பல்லாக இருந்தால் நாம் இரவில் துலக்கியிருக்க வேண்டும். அமிலத்தைக் கழுவுவதும், கரைந்துபோன தாதுச் சத்தை எனாமலுக்குத் திருப்பித் தருவதும் உமிழ்நீரின் வேலை. தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுகிறது. அது விடுப்பில் இருக்கும் ஏழெட்டு மணி நேரமும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலான கிருமிகளுக்குப் பண்டிகைதான். இடுக்கில் தங்கிய இனிப்பையும் மாவையும் அவை அமிலமாக்குகின்றன. வாயின் பிஎச் அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். மனித உடம்பில் எனாமலைவிடக் கெட்டியான பொருள் வேறில்லை. ஆனாலும் படுக்கப்போகும் முன் தின்ற ரவா லட்டை அது தனியாளாக எதிர்த்து நிற்க முடியாது. இத்தனையும் நடந்து முடிந்து, பொழுதும் விடிந்த பிறகு நாம் பிரஷைத் தேடுகிறோம்.

காபி வருவதற்கு முன்பே தமிழர் காலையில் பல் துலக்கினார்களே என்று ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்பு. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று ஒரு நூலுக்கே பெயர் வைத்திருக்கிறார். பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவையோ பல்குச்சி மெல்வதைக் காலைக் கடமையாகவே சொல்கிறது. ஆனால் அங்கே குச்சியை மென்று, கண்ணைக் கழுவி, அடுத்துச் செய்ய வேண்டியது தெய்வத்தைத் தொழுவது. அன்றும் பல் துலக்குதல் வேறொன்றுக்கான வாசலாகவே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தெய்வம் இருந்த இடத்தில் பின்னாளில் டபரா வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

இரண்டாம் சான்று கொப்பளிப்பு. பற்பசையில் உள்ள ஃப்ளோரைடு பல்லின்மேல் சற்று நேரம் தங்கினால்தான் வேலை செய்யும்; ஆகவே நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர்விட்டு அலச வேண்டாம் என்பது இன்றைய பல் மருத்துவம் தரும் யோசனை. நம் வீடுகளில் ஒரு செம்புத் தண்ணீர் தீரும்வரை கொப்பளிக்கிறோம். புதினா வாசம் நாக்கில் மிச்சமிருந்தால் டிகாக்‌ஷன் கசந்துபோகும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை. பல்லுக்குப் போக வேண்டிய மருந்தைக் காபியின் பொருட்டு வாஷ்பேசினில் விடும் ஒரு சமூகத்தின் நோக்கம் பல் என்று சொல்ல எந்த ஆய்வாளரும் கூசுவார். துலக்கும் இடங்களையும் கவனிக்க வேண்டும். சிரித்தால் தெரியும் முன்பற்கள் தினமும் பளபளக்கின்றன. குழிகள் நிறைந்ததும் முதலில் சொத்தை விழுவதுமான கடைவாய்ப் பற்களுக்கு, யாரும் பார்க்காத காரணத்தால், பிரஷ் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷைச் சாய்த்து வைத்து மெல்ல அசைக்க வேண்டும், மொத்தம் இரண்டு நிமிடம் ஆக வேண்டும் என்பதெல்லாம் அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஆகிற காரியமா? நாக்கு வழிப்பது மட்டும் நான்கு வீட்டுக்குக் கேட்கும்படி நடக்கிறது. அதை வாசலைத் திறக்கச் சொல்லும் அறிவிப்பாகவே கொள்ள வேண்டும்.

முன்னோர் ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் மென்று நூறு வயதுவரை முறுக்குக் கடித்தார்கள், அவர்களுக்கு ஏது பிரஷ், ஏது டாக்டர் என்பது அடுத்த மறுப்பு. குச்சியின் பெருமையைக் குறைக்க இக்கட்டுரைக்கு விருப்பமில்லை. கால் மணி நேரம் நாரை மென்று தேய்த்தால் பல் சுத்தமாகத்தான் செய்யும். ஆனால் முறுக்குக் கடித்த தாத்தாதான் குடும்பக் கதையில் இடம்பெறுகிறார். பொக்கை வாயோடு கஞ்சி குடித்தவரை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. செங்கல் தூளும் அடுப்புக்கரியும் போட்டுத் தேய்த்தவர்களின் எனாமல் தேய்ந்துபோனதும் திரும்ப வளராததும் அந்தக் கதையில் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் சர்க்கரையைக் கண்டது விசேஷ நாட்களில். ஸ்வீடனின் லுண்ட் நகரில் விபெஹோல்ம் விடுதியில் 1940-களில் தொடங்கிய ஒரு சோதனை, அங்கிருந்த மனவளர்ச்சி குன்றியோருக்கு மிட்டாய் தின்னக் கொடுத்து நடத்தப்பட்டது. இன்றைய ஆய்வு அறத்துக்கு அது வெட்கக்கேடு. அது காட்டிய உண்மையோ மறுக்க முடியாதது: சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரையைவிட, இடையிடையே தின்ற ஒட்டும் மிட்டாய்தான் பல்லை அதிகம் அரித்தது. ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போகும்போதும் அமிலம் ஏறி, இறங்க அரை மணிக்கு மேல் ஆகும். ஆறு மணிக் காபி, பதினொரு மணி டீ, நாலு மணி டீயும் பிஸ்கட்டும் என்று வாழ்பவருக்கு வேப்பங்குச்சி மட்டும் என்ன செய்யும்?

ஃப்ளோரைடே நஞ்சல்லவா என்று கேட்பவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சுட்டுவார்கள். அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை ஏறியது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவே காரணம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை மீறிய நீரைப் பல் உருவாகும் வயதில் ஆண்டுக்கணக்கில் குடிப்பது வேறு, பசையைத் தேய்த்துத் துப்புவது வேறு. குழந்தை விழுங்கிவிடாதபடி, மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வயதுவரை பட்டாணியளவு பசை வைத்தால் போதும்.

பல் மருத்துவரிடம் போவதும் இந்தக் காபி விதிக்குக் கட்டுப்பட்டதுதான். தமிழரின் பல்வலி வரலாற்றைக் காலப்பகுப்பு செய்தால் முதலில் வருவது உப்புநீர்க் காலம். அடுத்தது கிராம்புக் காலம். கிராம்பில் உள்ள யூஜினால் நரம்பை மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்களே அதைத் தற்காலிக அடைப்புகளில் பயன்படுத்துகிறார்கள். சொத்தையை அது நிறுத்தாது. பின்னர் கிராம்பு மருவிய காலம்: மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரைகள் இதற்குரியவை. அதன் முடிவில் ஒருநாள் வலி தானாக நின்றுபோகிறது. வீடே இதைப் பொற்காலம் என்று கொண்டாடும். பல்லின் உள்ளே இருந்த கூழும் நரம்பும் செத்துப்போனதால் வந்த அமைதி அது. தொற்று அப்போது வேரின் நுனிக்கு இறங்கிக்கொண்டிருக்கும். பொற்காலத்தை அடுத்து, வரலாற்று நூல்களில் வருவதுபோலவே, இருண்ட காலம்; கன்னம் வீங்கி, சூடான காபியை அந்தப் பக்கம் விட முடியாமல் போகிறது. அன்றைக்குத்தான் டாக்டர் வீட்டு முகவரி விசாரிக்கப்படுகிறது. சிறு அடைப்போடு முடிந்திருக்க வேண்டியது ரூட் கெனாலாகவும் தொப்பியாகவும் வளர்ந்திருக்கும்.

பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கொடுக்கும் என்கிறார்களே? பல்லில் படியும் படலம் உமிழ்நீரின் கால்சியத்தோடு சேர்ந்து காரையாக இறுகும். இறுகிய பின் பிரஷால் அதை எடுக்க முடியாது. ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்த பிறகும், கரையான் புற்று இடிந்த சுவரைத் தாங்குவதுபோல் அந்தக் காரை பல்லைப் பிடித்திருக்கும். எடுத்ததும் தெரியும் ஆட்டமும் இடைவெளியும் ஏற்கெனவே இருந்தவை. மேல்பல்லைப் பிடுங்கினால் பார்வை போகும் என்பாருக்கு: பார்வைக்கு இரண்டாம் மூளை நரம்பு, பல்லுக்கு ஐந்தாவது. பல் பிடுங்கும் வயதும் கண்ணில் புரை விழும் வயதும் பெரும்பாலும் ஒன்று என்பதால் வந்த பழி இது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டுமென்பதும் வேதவாக்கில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2004-ல் தந்த வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாயின் நிலையைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை இடைவெளி விடலாம் என்கிறது. நம் வழக்கத்தில் உள்ள இடைவெளி ஒரு வீக்கத்திலிருந்து மறு வீக்கம் வரை.

கருதுகோள் சரியென்றால் பரிகாரமும் அதிலிருந்தே பிறக்க வேண்டும். உபதேசத்தால் தமிழரைப் பல் துலக்க வைத்தவர் எவருமில்லை. காபியை நிறுத்தி வைத்த பாட்டிகளால்தான் முடிந்தது. எனவே இரவுத் துலக்கலுக்கும், அது இல்லாமல் கிடைக்கக் கூடாத ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். படுக்கையில் பார்க்கும் செல்போன் தகுதியானதாகத் தெரிகிறது. சமையலறை வாசலில் நின்று “பல்லைத் தேச்சியா?” என்று கேட்டவர்போல, இரவு பத்தரைக்குச் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க ஒருவர் வேண்டும். இப்போதைய பாட்டிகளை அந்தப் பொறுப்பில் அமர்த்துவதில்தான் சிக்கல்: அந்த நேரத்தில் அவர்களும் போனில்தான் இருக்கிறார்கள்.