பங்குனி மாதப் பாஸ்வேர்டு

பெறுநர்: தகவல் தொழில்நுட்பப் பிரிவு மேலாளர் அவர்கள், எங்கள் அலுவலகம்.
அனுப்புநர்: வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியர், சாப்பாட்டு மேசை.
பொருள்: இம்மாதமும் பாஸ்வேர்டு மாற்றிவிட்டது குறித்து.
பார்வை: தங்கள் சுற்றறிக்கை, அதன் நினைவூட்டல், அந்த நினைவூட்டலின் நினைவூட்டல்.

ஐயா,

30 நாளுக்கொரு முறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், அதில் பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் வேண்டும், பழையது கூடாது. சரி. தை மாதம் பிறந்ததும் ஆங்கில எழுத்தில் தை, வருடம், ஒரு ஆச்சரியக்குறி வைத்தேன். அடுத்து மாசி. இப்போது பங்குனி. இப்படிச் சொன்னால் ரகசியம் கெட்டுவிடுமே என்று பதற வேண்டாம். எங்கள் பிரிவில் பதினோரு பேரும் இதே பஞ்சாங்கம்தான். கணக்குப் பிரிவு மட்டும் ஆங்கில மாதம்.

இந்த விதிக்கு மூலம் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டி. அந்தப் பகுதியை எழுதிய பில் பர், எழுதியதற்கு வருந்துவதாக 2017-இல் சொல்லிவிட்டார். அதே ஆண்டு நிஸ்டும், கசிந்ததற்கு அடையாளம் இல்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்றது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் பரிந்துரையிலிருந்து காலக்கெடுவை எடுத்தது. சேதி தங்கள் மேசைக்கு வர இன்னும் எத்தனை 30 நாளோ!

பூட்டு இப்படியென்றால் வாசல் எப்படி? வீட்டிலிருந்து நாங்கள் நுழையும் ரிமோட் டெஸ்க்டாப், 3389 என்ற போர்ட்டில் இணையத்தைப் பார்த்தபடி திறந்தே கிடக்கிறது. விபிஎன் இல்லை, ஓடிபி இல்லை. வந்து தட்டுபவை தூங்காத நிரல்கள். மாதப் பெயரோடு வருடத்தைச் சேர்த்துப் பார்க்க அவற்றுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு கட்டு கீரைக்கு யுபிஐயில் பணம் கொடுக்கவே போனும் வேண்டும், பெரும்பாலும் பின்னும் வேண்டும். சம்பளப் பட்டியலுக்குப் பங்குனி போதும்.

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் தன் எரிபொருள் குழாயை நிறுத்த நேர்ந்தது. புழக்கத்தில் இல்லாத ஒரு விபிஎன் கணக்கு வழியாகத் திருடர்கள் புகுந்திருந்தார்கள். பாஸ்வேர்டு சிக்கலானதுதான் என்று நிறுவனத் தலைவரே செனட் குழுவிடம் சொன்னார். இரண்டாவது சரிபார்ப்புதான் இல்லை. கொடுத்த மீட்புத்தொகை 75 பிட்காயின். நம் அலுவலகத்தில் போன வருடம் ஓய்வுபெற்றவர் பெயரும் தங்கள் நினைவூட்டல் பட்டியலில் இருக்கிறது. அவரும் மாதாமாதம் மாற்ற வேண்டுமாம்.

என் வீட்டிலும் குறை உண்டு. ரவுட்டரின் பாஸ்வேர்டு கடையிலிருந்து வந்த அதே 'அட்மின்'. மகள் விளையாட்டுகளை இறக்குவதும் நான் அலுவலக வேலை பார்க்கும் இதே கணினியில். இதைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் கேட்டதில்லை.

போன வாரம் தங்கள் பிரிவுத் தம்பி ஒருவர் தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டு, "சார், எனிடெஸ்க் போடுங்க, ஸ்கிரீன்ல வர்ற நம்பரைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். மறுநாள் பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவர் அதே வசனத்தை, அதே பணிவோடு, என் அம்மாவிடம் சொன்னார். தூரத்திலிருந்தே நம் கருவியை இயக்க விடும் இந்தச் செயலி, ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்த வித்தை. அம்மா போனை வைத்துவிட்டார். தங்களிடம் பயிற்சி பெற்றவன் நான் மட்டும்தானே.

ஆகவே, 3389-ஐ மூடி விபிஎன் வைக்கவும், ஓடிபி கேட்கவும், ஓய்வுபெற்றவரை ஓய்வெடுக்க விடவும் வேண்டுகிறேன். ஏப்ரல் 14-க்குள் முடித்தால் நல்லது. அன்றைக்கு நாங்கள் பதினோரு பேரும் சித்திரைக்கு மாறுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள பயனர்