ஜவுளிக்கடைக்காரரின் பத்திரிகை

கேள்வி: சிறுபத்திரிகை என்றாலே ஏன் நாகர்கோவிலைச் சொல்கிறார்கள்? அங்கே அச்சகங்கள் அதிகமோ? – வாசகர், தக்கலை

பதில்: அச்சகத்தை விடுங்கள், பிடிவாதம் அதிகம்! வனமாலிகை 'சதங்கை' நடத்தியதும், ராஜமார்த்தாண்டன் 'கொல்லிப்பாவை'யைக் கொண்டுவந்ததும் அந்தப் பிடிவாதத்தால்தான். ஜவுளிக்கடை நடத்திய சுந்தர ராமசாமி 1988இல் 'காலச்சுவடு' தொடங்கினார். துணி விற்ற காசு இலக்கியத்துக்குப் போனது. எதிர்த்திசையில் வந்ததாகத் தகவல் இல்லை. இடையில் நின்ற இதழ் 1994இல் அவருடைய மகன் கண்ணன் கையில் மறுபடி எழுந்தது. அதே பெயரில் பதிப்பகமும் வளர்ந்தது.

இதற்கெல்லாம் முன்னோடி, 1959இல் சென்னையில் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா. தானே போட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். 'பசுவய்யா' என்ற பெயரில் சுந்தர ராமசாமி கவிதை எழுதியதும் செல்லப்பாவின் 'எழுத்து'வில்தான். லட்சம் பிரதி விற்ற வார இதழ்கள் இடம் தராத புதுக்கவிதைக்குச் சில நூறு வாசகர்களை நம்பிய இதழ் வாசல் திறந்தது. தமிழில் இதைவிடப் பெரிய பத்திரிகைச் சாதனை எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய 'சதங்கை' இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.